விளக்கு வைக்கும் நேரத்தில் மறையும் எண்கள்

1978-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதி வேகமானியைப் பற்றியது. ஓட்டுநரின் நேர்ப் பார்வையில் அது இருக்க வேண்டும். உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டினால் கார்களில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் மணிக்கு 4 கிலோமீட்டரும்தான் கூடலாம். பகலிலும் இரவிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் பகலுக்கும் இரவுக்கும் நடுவே இன்னொரு பொழுது இருப்பதைத் தனியாகச் சொல்லவில்லை.

வேகமானி காலை வாருவது பெரும்பாலும் அந்தப் பொழுதில்தான். நட்டநடு இரவில் எண்கள் பளிச்சென்று தெரிகின்றன. உச்சி வெயிலிலும் பெரிய சிக்கல் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், மழை கட்டி வானம் இருண்ட பிற்பகலில், சுரங்கப் பாதைக்குள் நுழையும் முதல் சில நொடிகளில் முள் எங்கே நிற்கிறது, எண் அறுபதா எண்பதா என்று குனிந்து உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஒன்றரை நொடி மீட்டரை உற்றுப் பார்த்தால், 33 மீட்டர் சாலை பார்க்கப்படாமலே போய்விடுகிறது.

முதலில் வெளிச்சத்தின் கணக்கைப் பார்க்கலாம். நண்பகல் வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகமில்லாத நாளில் சூரியன் அடிவானத்தைத் தொடும்போது அது சில நூறு லக்ஸுக்கு இறங்கிவிடும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை போனதும் மூன்று லக்ஸ் சொச்சம்தான் மிஞ்சும். இந்தக் கடைசி இறக்கத்துக்குச் சென்னையில் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஆகிறது. ஜூன் மாதத்து ஸ்டாக்ஹோமில் அதே இறக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெப்பமண்டலத்தில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுவதால் இங்கே அந்தி குறுகியது. தொல்லை சீக்கிரம் முடிந்துவிடும் என்பது நல்லதுதான். ஆனால் வெளிச்சம் அவ்வளவு வேகமாகச் சரிவதை ஓட்டுநர் உணர்வதற்குள் இருட்டிவிடுகிறது.

மீட்டருக்கு அந்தி இன்னும் முன்னதாகவே வந்துவிடும். வெயில் நேராக அடிக்கக் கூடாது என்பதற்காக அதன் மேல் ஒரு கூரை வைத்திருக்கிறார்கள். அந்தக் கூரை மாலையில் வானத்தின் வெளிச்சத்தையும் தடுக்கிறது. கண்ணாடிகளும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும். அதாவது பக்கத்திலிருந்து வருவதில் பாதி வெளியிலேயே நின்றுவிடலாம். சாலை இன்னும் வெளிச்சமாக இருக்கும்போதே மீட்டர் இருட்டுக்குள் போய்விடுவது இதனால்தான்.

இனி கண். விழித்திரையில் இரு வகை ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சம். இவை நிறத்தையும் நுணுக்கத்தையும் காண்பவை, நல்ல வெளிச்சம் கேட்பவை. குச்சி செல்கள் 12 கோடி அளவில் உள்ளன. மங்கலான ஒளியிலும் வேலை செய்யும், நிறம் தெரியாது. ஒன்றை உற்றுப் பார்க்கும்போது அதன் உருவம் விழித்திரையின் நடுக்குழியில் விழுகிறது. அந்தக் குழியின் மையத்தில் குச்சி செல்களே கிடையாது. ஆகவே எழுத்தையோ எண்ணையோ வாசிப்பது கூம்புகளின் வேலை மட்டுமே. வெளிச்சம் குறையக் குறைய, சாலையோரம் நிற்கும் மாட்டின் அசைவைக் குச்சிகள் ஓரப் பார்வையில் பிடித்துவிடும்; மீட்டரில் இருக்கும் 6-ஐயும் 8-ஐயும் பிரித்துச் சொல்ல அவற்றால் முடியாது.

இருட்டுக்குப் பழக இந்தச் செல்களுக்கு நேரம் வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தபின் கூம்புகள் தம் முழுத் திறனை அடையப் பத்து நிமிடம் வரை ஆகும். குச்சிகளுக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ. கண்மணி மட்டும் சில நொடிகளில் விரிந்துவிடும், ஆனால் அதனால் கிடைக்கும் லாபம் சில மடங்குதான். இமாசலப் பிரதேசத்தில் 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலிலிருந்து நேராக உள்ளே நுழையும் ஓட்டுநரின் கண் இன்னும் வெளியில்தான் இருக்கிறது. முகப்பு விளக்கு எரிந்ததும் பல கார்களில் மீட்டர் தானாக இரவு நிலைக்கு மங்கிவிடும். கண்ணுக்கு அதிக வெளிச்சம் தேவைப்படும் கணத்தில் மீட்டர் இருப்பதிலேயே குறைந்த வெளிச்சத்தைத் தருகிறது! வண்டிக்கு இருட்டிவிட்டது, மனிதருக்கு இன்னும் இருட்டவில்லை.

கண்ணின் குறை பாதிதான். மீதிப் பாதியை மீட்டரைச் செய்தவர்களே வரவழைத்துக்கொண்டார்கள். வெள்ளித் தகடு போல மினுங்கும் முகப்பில் கறுப்பு எண்கள் பொறித்த மீட்டர்கள் ஒரு காலத்தில் மிகவும் விரும்பப்பட்டன. காட்சியறையின் விளக்கொளியில் பார்க்க அவை கொள்ளை அழகு. பகலில் எண்கள் இருண்டும் பின்புலம் ஒளிர்ந்தும் தெரியும். இரவில் பின்னாலிருந்து விளக்கு எரிய, எண்கள் ஒளிரும், பின்புலம் இருளும். பகல் படம் இரவில் அப்படியே தலைகீழாகிறது. இருண்ட எண் ஒளிரும் எண்ணாக மாறும் வழியில், பின்புலத்தின் பிரகாசத்துக்குச் சமமாகும் ஒரு புள்ளியைக் கடந்தே தீர வேண்டும். அந்தப் புள்ளி அந்தியில் வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மீட்டர் மேல் 30 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியைத் திருப்பி அனுப்பும் வெள்ளி முகப்பின் பிரகாசம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கேண்டெலா. இருபதில் ஒரு பங்கை மட்டுமே திருப்பும் கறுப்பு எண்ணுக்கு அரை கேண்டெலா. பத்துக்கு ஒன்று என்ற இந்த வேறுபாட்டில் எவரும் எண்ணை வாசித்துவிடலாம். இப்போது ஓட்டுநர், பொறுப்பாக, விளக்கைப் போடுகிறார். பின்விளக்கு அந்த எண்ணுக்கு நாலரை கேண்டெலா தருகிறது என்றால் மொத்தம் 5. எண்ணும் முகப்பும் ஒன்றாகிவிட்டன. மீட்டரில் எண் இல்லை. இத்தகைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விநோதம் பழக்கமாகியிருக்கும்: மாலையில் விளக்கைப் போட்டால் வேகம் தெரியாது, அணைத்தால் தெரியும். எண்ணுக்கு ஆரஞ்சோ பச்சையோ நிறம் கொடுத்தால் பிரகாசம் சமமானாலும் நிறத்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர்கள் எண்ணினார்கள். அந்திக் கண்ணுக்கு நிற உணர்வும் குறைவது அந்த நம்பிக்கையைப் பாதியாக்கிவிடுகிறது.

கறுப்பு முகப்பில் வெள்ளை எண் இருந்தால் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. பகலில் வெள்ளை எண் வெளிச்சத்தைத் திருப்பி ஒளிரும். இரவில் பின்விளக்கால் ஒளிரும். அந்தியில் இரண்டும் கூடும். எந்தப் பொழுதிலும் எண் வெளிச்சம், பின்புலம் இருட்டு. விமான மீட்டர்கள் பெரும்பாலும் இப்படியே இருந்துவந்தன. கார்காரர்கள் அழகுக்காக இதிலிருந்து விலகினார்கள், அவ்வளவுதான்.

பழைய வண்டிகளின் கதை வேறு. 1902-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற சுழல்மின்னோட்ட வேகமானி, ஏறக்குறைய நூறாண்டு உலகம் முழுவதும் ஓடியது. சக்கரத்திலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் தொடாமலே ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள்வில் அதை எதிர்த்துப் பிடிக்கும். கிண்ணத்தோடு முள் திரும்பும். எந்திரம் அருமையானது, மின்சாரமே வேண்டாதது. அதற்கு வெளிச்சம் தர வைத்ததோ இரண்டு மூன்று வாட் பல்பு. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை; ஏறத்தாழ அதன் 3.4 மடிப் பெருக்கத்தில் குறைகிறது. மின்னழுத்தம் பத்து சதவீதம் விழுந்தால் ஒளி முப்பது சதவீதம் போய்விடும். எர்த் ஒயரின் முனையில் கொஞ்சம் துரு, சாக்கெட்டில் கொஞ்சம் பச்சைக் களிம்பு, இவை போதும் மீட்டர் லைட் மினுக்கட்டான் ஆவதற்கு. பழைய டூவீலர்கள் பலவற்றில் விளக்குகள் பேட்டரியைத் தொடாமல் மேக்னெட்டோவிலிருந்து நேரடியாக எரிந்தன. ரெவ் ஏறினால் பளிச். சிக்னலில் நின்றால் மங்கல். போதாக்குறைக்குச் சூடான டங்ஸ்டன் ஆவியாகிப் பல்பின் கண்ணாடியில் உள்பக்கமாகக் கரி பூசும். மீட்டர் மங்குகிறது என்று மெக்கானிக்கிடம் போனால், நல்ல மெக்கானிக் பல்பை மாற்றுவதற்கு முன்னால் எர்த்தைச் சுரண்டிப் பார்ப்பார்.

பல்பின் இன்னொரு குற்றம், ஒளியைச் சமமாகப் பரப்பாதது. 40 பிரகாசமாக இருக்கும், 100 மூலையில் இருண்டு கிடக்கும். 1960-ஆம் ஆண்டு கிரைஸ்லர் கார்களில் இதற்கு ஒரு துணிச்சலான விடை வந்தது. 1936-இல் பாரிஸில் ழார்ஜ் டெஸ்ட்ரியோ கண்டறிந்த மின்னொளிர்வு முறையில், பல்பே இல்லாமல் மீட்டரின் பரப்பு முழுவதும் நீலப்பச்சையாக ஒளிர்ந்தது. நிழலும் இல்லை, கண்ணை உறுத்தும் புள்ளியும் இல்லை. ஆனால் அதற்கு உயர் மின்னழுத்த மாறுமின்னோட்டம் வேண்டும், அதைத் தயாரிக்கத் தனிக் கருவி வேண்டும். சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

மீட்டருக்கு எந்த நிறம் நல்லது என்பதில் கார் நிறுவனங்கள் மதச் சண்டை அளவுக்கு உறுதி காட்டியிருக்கின்றன. பகல் கண்ணின் கூர்மை 555 நானோமீட்டரில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில் உச்சம் தொடுகிறது. பச்சை மீட்டர்களின் நியாயம் அது. இருட்டுக் கண்ணின் உச்சம் 507 நானோமீட்டர். இந்த இடப்பெயர்ச்சியை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கவனித்துச் சொன்னவர் செக் நாட்டு அறிஞர் யான் புர்கின்யே. சிவப்பு ஒளியைக் குச்சி செல்கள் ஏறக்குறையப் பார்ப்பதே இல்லை, ஆகவே சிவப்பில் வாசித்தால் இருட்டுப் பழக்கம் கலையாது. இரண்டாம் உலகப் போரில் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் மைல்ஸ் இதை வைத்துச் சிவப்புக் கண்ணாடியைப் பரிந்துரைத்தார்: இரவுப் பணிக்குப் போகும் விமானிகள் வெளிச்சமான அறையில் அதை அணிந்தபடி காத்திருக்கலாம். பிஎம்டபிள்யூ 1970-களிலிருந்து பல காலம் தன் மீட்டர்களுக்குக் கொடுத்த ஆரஞ்சுச் சிவப்பும் இந்த வழி வந்ததுதான்.

விமானிக்குச் சரியானது கார் ஓட்டுநருக்கும் அப்படியே பொருந்துமா என்பது சந்தேகம். போர் விமானி நட்சத்திர ஒளியில் எதிரியைத் தேடுபவர். கார் ஓட்டுநர் தன் முகப்பு விளக்கு நனைத்த சாலையைப் பார்க்கிறார், எதிரே வருபவரின் ஹைபீமையும் வாங்கிக்கொள்கிறார். அவருடைய கண் முழு இருட்டுக்குப் பழகுவதே இல்லை. ஆகவே சிவப்பின் பெருமை பாதி உண்மை, பாதி விளம்பரம். நீலத்துக்கு அந்தப் பாதி நியாயமும் இல்லை. 1990-களின் இறுதியில் ஃபோக்ஸ்வாகன் நீல ஒளியும் சிவப்பு முட்களும் கொண்ட மீட்டரைக் கொண்டுவந்தது. படத்தில் அழகாக இருந்தது. கண்ணுக்குள் நீல ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடும், சிவப்பு சற்றுப் பின்னால் குவியும். இரண்டையும் ஒரே நேரத்தில் கூர்மையாகக் காண எந்தக் கண்ணாலும் முடியாது. நடுக்குழியின் மையத்தில் நீலத்துக்கான கூம்புகளும் இல்லை. சிறிய நீல எண்கள் ஓரம் கரைந்து தெரிவதற்குக் காரணம் இதுதான்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இவை எல்லாம் சேர்ந்தே வந்து நிற்கும். மீட்டர் கண்ணிலிருந்து 70, 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைக் கூர்மையாகக் காண விழி லென்ஸ் ஒன்றேகால் முதல் ஒன்றரை டயாப்டர் வரை வளைந்து கொடுக்க வேண்டும். சிறு பிள்ளையிடம் பத்து டயாப்டருக்கு மேல் இருக்கும் இந்த நெகிழ்வு, ஐம்பது வயதில் இரண்டு அளவுக்கு வந்துவிடும். பகலில் கண்மணி சுருங்கியிருப்பதால் குவியம் சற்றுத் தவறினாலும் எண் தெரிந்துவிடும். அந்தியில் கண்மணி விரிகிறது, அந்தச் சலுகை போய்விடுகிறது. பகல் முழுக்க வாசித்த அதே மீட்டர் ஆறரை மணிக்குக் கலங்கித் தெரிவது, விளக்கின் குற்றமாக இல்லாமல் வெள்ளெழுத்தின் தொடக்கமாக இருக்கலாம். விழி லென்ஸும் வயதோடு மஞ்சளாகிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

கண்ணாடி போட்டாலும் தீர்ந்துவிடுவதில்லை. வழக்கமான பைஃபோகலின் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்பகுதி 40 சென்டிமீட்டரில் பிடித்து வாசிக்கும் செய்தித்தாளுக்கு. மீட்டர் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. தலையை நிமிர்த்தியும் தாழ்த்தியும் ஓட்டுநர்கள் தேடுவது அந்த இல்லாத நடுப்பகுதியைத்தான்.

எண்களின் வடிவமும் தன் பங்குக்குத் தொல்லை தரும். எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஏஜ்லேப் ஆய்வகம் 2012-இல் மோனோடைப் எழுத்துரு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய சோதனையில், சதுரமாக மூடிய வடிவங்களைவிட வாய் திறந்த வடிவங்கள் கொண்ட எழுத்தில், ஆண் ஓட்டுநர்கள் திரையைப் பார்த்த நேரம் ஏறத்தாழப் பத்து சதவீதம் குறைந்தது. ஆனால் எழுத்துருவைவிடப் பெரிய அபத்தம் ஒன்று எல்லோர் கண் முன்னாலும் இருக்கிறது. இந்தியாவின் விரைவுச் சாலைகளில்கூடக் கார்களுக்கு உச்ச வரம்பு 120. மீட்டரோ 220, 240 வரை போகிறது. வாழ்நாளில் தொடாத வேகங்களுக்குப் பாதி வட்டத்தைக் கொடுத்துவிட்டு, அன்றாடம் வேண்டிய எண்களை ஓர் ஓரத்தில் நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் ஸ்வீடனின் ஸாப் நிறுவனத்தார். 1937-இல் விமானம் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. 1990-களில் அவர்கள் கார்களில் வந்த நைட் பேனல் பொத்தானை அழுத்தினால் வேகமானியைத் தவிர மற்ற எல்லா விளக்குகளும் அணைந்துவிடும். அதிலும் 140 வரையிலான எண்கள் மட்டுமே எரியும். பெட்ரோல் குறைந்தாலோ எஞ்சின் சூடேறினாலோ அதற்குரிய மீட்டர் தானாக விழித்துக்கொள்ளும். கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் குறைந்தது, தேவையான ஒற்றை எண் தனித்து நின்றது. ஸாபின் கார் தொழில் 2011-இல் திவாலானது. அந்தப் பொத்தானை மற்றவர்கள் பரவலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது வருத்தம்தான்.

இன்றைய வழி வேறு. 1989-இல் வந்த லெக்ஸஸ் எல்எஸ் 400-இன் மீட்டர் சாவி திருப்பும் வரை வெறும் கறுப்பு. திருப்பியதும் எண்களும் முட்களும் இருட்டில் ஒளிரும், பகலானாலும் இரவானாலும். இப்போதைய திரை மீட்டர்களும் அப்படித்தான், எப்போதும் ஒளிர்பவை. வெளிச்ச உணரியைப் பார்த்துத் தாமே கூடிக் குறைபவை. அந்தியின் சிக்கல் தீர்ந்தது. அதன் இடத்தில் யாரும் எதிர்பாராத ஒன்று முளைத்தது. பழைய மீட்டர் இருண்டால், ஓட்டுநர் விளக்கைப் போட வேண்டும் என்று புரிந்துகொள்வார். மீட்டர் எப்போதும் பளிச்சென்று இருந்தால்? விளக்கு எரிகிறது என்று நம்பி, பின்விளக்கு இல்லாமலே இருட்டில் போய்க்கொண்டிருப்பார். கனடாவில் 1989 டிசம்பர் முதல் புதிய கார்களுக்குப் பகல்நேர விளக்கு கட்டாயம். முன்னால் அந்த மங்கல் வெளிச்சம், உள்ளே பளிச்சென்ற மீட்டர், பின்னால் கும்மிருட்டு என்று வண்டிகள் பெருகின. ஆவி வண்டிகள் என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 2021 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் புதிய வண்டிகள் மூன்றில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: பகல்நேர விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டியதும் விளக்குகள் தாமே எரிய வேண்டும், அல்லது விளக்கு போடும்வரை மீட்டர் இருட்டாகவே இருக்க வேண்டும். மீட்டர் தெரியாமல் இருப்பதையும் ஒரு பாதுகாப்பாக விதியில் எழுதும் நிலை வந்துவிட்டது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு முகப்பு விளக்கு தானாக எரிவது கட்டாயம் என்பதால் அவற்றுக்கு இந்தக் குழப்பம் இல்லை.

பெரும்பாலான கார்களில் மீட்டரின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க, ஸ்டியரிங் அருகே ஒரு சிறு சக்கரமோ திரைக்குள் ஓர் அமைப்போ உண்டு. பலர் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதில்லை. அந்தியில் ஒரு படி கூட்டுங்கள், நன்றாக இருட்டியதும், எண் தெளிவாகத் தெரியும் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால், அடுத்த முறை கண் பரிசோதனைக்குப் போகும்போது வண்டி ஓட்டுவதைச் சொல்லுங்கள். மீட்டர் இருக்கும் முக்கால் மீட்டர் தூரத்தில் ஓர் அட்டையைப் பிடித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புது வண்டி வாங்குபவர்கள் காட்சியறை விளக்கின் கீழ் மீட்டரை ரசித்ததோடு நிறுத்தாமல், சோதனை ஓட்டத்தை மாலை ஆறரைக்கு வைத்துக்கொள்வது நல்லது.